ஹைக்கிங் கில்ட் போட்டு 154 கிலோமீட்டர் நடந்தாச்சு

ஸ்காட்லாந்துல மில்கைலேர்ந்து ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் போற வெஸ்ட் ஹைலேண்ட் வே நடைபாதை ஃபுல்லா இந்த நைலான் கில்ட்லதான் (முழங்கால் வரைக்கும் வர்ற, பாவாடை மாதிரி ஸ்காட்லாந்து உடை) நடந்தேன், தொடை உரசலே இல்ல, நல்லா காத்து வருது, மழைல நனைஞ்சாலும் பேன்ட் மாதிரி கால்ல ஒட்டாம சீக்கிரம் காஞ்சிடுது. கல்யாணத்துக்குப் போடுற 8 கெஜம் கம்பளி கில்ட்ட எடுத்துட்டுப் போகாதீங்க, நனைஞ்சா செம கனம்.

ஆனா லோமண்ட் ஏரிக்கரைல மிட்ஜ்ங்கிற கடிக்கிற குட்டிப் பூச்சி முழங்கால விட்டு வைக்கல, புதருக்குள்ள உண்ணி வேற இருக்கும், அதனால நீள சாக்ஸும் பூச்சி மருந்தும் கண்டிப்பா வேணும். ராணக் மூர் பொட்டல்வெளில அடிக்கிற காத்துக்கு உள்ள ஷார்ட்ஸ் போட்டுக்கோங்க. நாலாவது நாளே இடுப்பு பட்டன் ஒண்ணு பிஞ்சிடுச்சு, இந்த விலைக்கு தையல் இன்னும் உறுதியா இருந்திருக்கணும். அடுத்த ட்ரெக்குக்கும் இதேதான் போடுவேன்.