பழைய ஸ்கார்ப்பியோவுக்கு சிப் ட்யூனிங்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் ஜோராக நடக்கிறது. ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலேரோ என்று எந்த வண்டியாக இருந்தாலும் "ஈசியு ரீமேப் செய்து தருகிறோம், முப்பது குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும்" என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். ஈசியு என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, ரீமேப் என்றால் அதன் மென்பொருளை மாற்றி எழுதுவது. பிறகு அந்த மென்பொருளைத் தொடாமலேயே, ஒரு சின்னப் பெட்டியை வயரிங்கில் சொருகி அனுப்பிவிடுகிறார்கள். என் வண்டியில் நடந்தது இதுதான். இதே கடையோ இதுபோன்ற வேறு கடையோ இன்னும் பலரிடம் இதைச் செய்யும் என்பதால் முழுக்க எழுதுகிறேன்.

என்னுடையது 2011 மாடல் ஸ்கார்ப்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் எஞ்சின். கம்பெனிக் கணக்குப்படி 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க். எங்களுக்குத் தாளவாடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் ஆள், மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் திரும்பிய வளைவுகளில், போன வருடம் முதல் கியர் கேட்க ஆரம்பித்தது. கறுப்புப் புகை இல்லை, சத்தம் இல்லை, செக் எஞ்சின் லைட்டும் எரியவில்லை. இழுவை மட்டும் குறைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் வழியாக அந்தக் கடையின் அறிமுகம் கிடைத்தது. நேரில் போய்த் தெளிவாகவே கேட்டேன்: "பெட்டி கிட்டி மாட்டுவீங்களா, இல்ல ஈசியு ஃபைலையே மாத்துவீங்களா?" கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பெட்டியெல்லாம் ஆன்லைன்ல விக்கறதுங்கண்ணா. நாங்க பண்றது ஸ்டேஜ் ஒன் ரீமேப்புங்க. எக்ஸ்யூவி 500ல இருக்கறதும் இதே எஞ்சின்தான், அது 140 குடுக்குது. உங்க வண்டியில கம்பெனிக்காரன் அமுக்கி வெச்சிருக்கான், நாங்க திறந்து விடறோம், அவ்ளோதான்."

இந்தப் பேச்சு நம்பும்படி இருப்பதற்குக் காரணம், இதில் பாதி உண்மை. எக்ஸ்யூவி 500 வந்தபோது அதே 2.2 எம்ஹாக் எஞ்சின்தான் 140 குதிரைத்திறனும் 330 நியூட்டன் மீட்டரும் கொடுத்தது. ஆனால் அந்த வண்டியில் எஞ்சின் குறுக்கு வாக்கில் உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் வேறு, கிளட்ச் வேறு. அந்த அளவு டார்க்குக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஸ்கார்ப்பியோவில் எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டால் மற்றவை எப்படித் தாங்கும் என்பதைப் பற்றி அந்தக் கடையில் யாரும் பேசவில்லை.

16,500 ரூபாய் வாங்கினார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "அனுப்பறோங்கண்ணா" என்றார்கள். கையில் கிடைத்தது "ட்யூனிங் சார்ஜ்" என்று பேனாவில் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. வேலை நடக்கும்போது வண்டிக்குப் பக்கத்தில் நிற்க விடவில்லை, இன்சூரன்ஸ் விதி என்றார்கள். மாலையில் வாட்ஸ்அப்பில் ஒரு டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) கிராஃப் வந்தது: முன்பு 118, பின்பு 149 என்று. அந்தக் கிராஃபைப் பிற்பாடு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சக்திக் கோடு 6500 ஆர்பிஎம் வரை ஏறிக்கொண்டே போகிறது. என் எஞ்சின் 4000 ஆர்பிஎம்மிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். டீசல் எஸ்யூவி எதுவும் அந்த வேகத்துக்குச் சுழலாது. யாரோ ஒருவருடைய பெட்ரோல் காரின் கிராஃபை என் வண்டியுடையது என்று அனுப்பியிருக்கிறார்கள்.

வண்டி ஓட்டத்தில் வித்தியாசம் தெரிந்தது, அதை மறைக்கவில்லை. சமதரையில் பிக்கப் நன்றாகவே இருந்தது. கூடவே, மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை. அப்புறம் திம்பத்தில் சுமையோடு ஏறும்போது செக் எஞ்சின் லைட் எரிந்து வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் நகர்வேன் என்று மட்டும் நகர்ந்தது. பின்னால் லாரிகள், ஒதுங்க இடமில்லாத வளைவு, வண்டிக்குள் அம்மா. மலைப்பாதையில் சக்தி திடீரென்று அறுந்து போவது எவ்வளவு ஆபத்து என்று அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் கோபம் அடங்காதது இந்த ஒரு விஷயத்தில்தான்.

கடைக்குத் திரும்பிப் போனேன். ஸ்கேனர் போட்டார்கள். பி0087 என்ற எரர் கோடைக் (பிழைக் குறியீடு) காட்டியது, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் எரிபொருள் அழுத்தம் போதவில்லை. "உங்க டீசல் பம்ப் வீக்குங்கண்ணா, வண்டி பழசாச்சுல்ல. எங்க ரீமேப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க" என்று சொல்லி அந்த எரர் கோடை அழித்துக் கொடுத்துவிட்டார்கள். டீசல் ஃபில்டர் மாற்றினேன், பலனில்லை. மறுபடி மலை ஏறினால் மறுபடி அதே கோடு.

கடைசியில் ஈரோட்டில் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்கேனரைக் கையிலேயே எடுக்கவில்லை. "யாராச்சும் வயர்ல கை வெச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு, ரெயில் பிரஷர் சென்சாரிலிருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டுப் பக்கம், கறுப்பு டேப் சுற்றி, கம்பெனி வயரிங்குடன் சேர்த்து இறுக்கிக் கட்டிய தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று கிடைத்தது. கப்ளர் கூடப் போடாமல் வயரை வெட்டி முறுக்கி ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். காமன் ரெயில் டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல் ஒரு குழாயில் மிக அதிக அழுத்தத்தில் நிற்கிறது. இந்தத் தலைமுறை எஞ்சின்களில் அது 1600 பார் வரை போகும். அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் வோல்டேஜாக மாற்றி ஈசியுவுக்குச் சொல்கிறது. பெட்டி நடுவில் புகுந்து அந்த வோல்டேஜைக் குறைத்துக் காட்டுகிறது. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஈசியு பம்பை இன்னும் இறுக்குகிறது. இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் கூடுதலாகப் பாய்கிறது. அதுதான் பிக்கப். எரிக்கத் தேவையான காற்று அதற்கேற்பக் கூடாததால் மிச்சம் கரும்புகையாக வெளியே வருகிறது, புகைக்குழாய்ப் பக்கம் சூடு ஏறி டர்போவைத் தின்கிறது. மலையில் முழுச் சுமையில் ஈசியு உச்ச அழுத்தம் கேட்கிறது. பெட்டி குறைத்தே காட்டிக்கொண்டிருப்பதால் அந்த எண் வரவே வராது. அழுத்தம் போதவில்லை என்று கோடு விழுகிறது, எஞ்சினைக் காப்பாற்ற ஈசியு சக்தியை அறுக்கிறது. பம்பில் எந்தக் குறையும் இல்லை.

ஸ்கேனரில் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பெரிய சங்கடம். தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய தராசைப் பார்த்து எடை எழுதுகிறவர் போல, ஸ்கேனரும் ஈசியு நம்பிக்கொண்டிருக்கும் பொய் எண்ணைத்தான் நமக்குப் படித்துக் காட்டுகிறது. கடையில் "ஸ்கேன் பண்ணிட்டோம், எல்லாம் நார்மல்" என்று சொன்னால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. வயரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இழுவை ஏன் குறைந்தது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். டர்போவின் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு. இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப் பக்கம் எண்ணெய்க் கசிவு, அங்கே பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், வெளியே போய்க்கொண்டிருந்தது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டும் கரி அடைத்துக் கிடந்தன. ஹோஸ்கள், கிளாம்ப், கரி சுத்தம், வெட்டிய வயரிங்கைச் சரிசெய்தது எல்லாம் சேர்த்தே அந்தக் கடைக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. இப்போது பழையபடி இரண்டாம் கியரில் ஏறுகிறது.

அதனால் பத்துப் பதினைந்து வருட வண்டியில் "பவர் பத்தலை" என்று தோன்றினால் முதலில் கம்பெனி கொடுத்த பவர் வருகிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், வேக்குவம் ஹோஸ், இன்டர்கூலர் ஹோஸ், இஜிஆர், மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு, கிளட்ச். இதில் ஏதாவது ஒன்றில் கோளாறு இருக்கும்போது அதன் மேல் ட்யூனிங் செய்தால் கோளாறு பெரிதாகும், அவ்வளவுதான்.

ட்யூனிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈசியுவின் ஃபைலைப் படித்து, எரிபொருள், பூஸ்ட், டார்க் வரம்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றி எழுதும் உண்மையான ரீமேப் உண்டு, அதை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர் முதலில் வண்டியின் ஆரோக்கியத்தைப் பார்ப்பார். உங்கள் வண்டியையே உங்கள் கண் முன்னால் டைனோவில் ஏற்றி முன்பும் பின்பும் ஓட்டிக் காட்டுவார். பழைய ஃபைலைப் பத்திரப்படுத்தி, வேண்டாம் என்றால் திரும்ப ஏற்றித் தருவார். பில்லில் "ஈசியு மென்பொருள் மாற்றம்" என்று எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் சொருகும் "சிப்" இன்னொரு ரகம். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சில எல்இடி விளக்குகள், அவற்றை மின்ன வைக்க ஒரு சின்ன ஐசி, ஒரு பட்டன், அவ்வளவுதான். அந்தப் போர்ட்டில் 16வது பின் பேட்டரி, 4ம் 5ம் எர்த், 6ம் 14ம் வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன். கேன் லைனில் பேச அதற்கென்று தனி சர்க்யூட் வேண்டும், அது இவற்றில் இருக்காது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டினால் உங்கள் ஓட்டும் முறையைக் கற்றுக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்த இருநூறு ஓடி முடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் பெட்டியும் இருக்கிறது. அது பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகச் சொல்லும், வண்டி துள்ளும், சக்தி ஒரு துளிகூடக் கூடாது.

சட்டமும் நம் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று உரிமையாளர் மேலேயே பொறுப்பு விழுகிறது. கரும்புகை தள்ளும் வண்டி புகைச் சோதனையில் தேறாது. பிஎஸ்4 மாசு விதிக்கு முந்தைய டீசலுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிஜ் (புகையின் அடர்த்தி அளவு), பிஎஸ்4க்கு 50. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி க்ளைமை மறுக்கப் பார்க்கும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பெட்டியைப் புகைப்படம் எடுத்து அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். நான் துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, அந்தப் பொய்யான கிராஃப் வந்த வாட்ஸ்அப் உரையாடல், வயரிங்கிலிருந்து எடுக்கும்போதே பிடித்த வீடியோ, பம்ப் கடைப் பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள் அல்லது சேவை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து வைப்பது நல்லது.

ஏற்கெனவே "ரீமேப்" செய்துகொண்டவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பானட்டைத் திறந்து, ரெயில் பிரஷர் சென்சார், மேப் சென்சார் இரண்டின் வயரும் ஃபயர்வால் வரை எப்படிப் போகிறது என்று நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ரெயில் பக்கம் எதையும் கழற்ற வேண்டாம், அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புதுசாக டேப் சுற்றின இடம் ஏதாவது தென்பட்டால், பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்க ஆரம்பித்துவிடுங்கள்.