நெல்லைப் பக்கம் ஒரு சுற்றுச்சூழல் டிப்ளமோ: சேரலாமா?

சுற்றுச்சூழல் பேப்பர் இல்லாத கல்லூரி இன்று கிடையாது. உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதை 2003-இல் மறுபடி வலியுறுத்தியதும் எல்லா இளங்கலைப் படிப்புக்கும் இது கட்டாயமானது. யுஜிசி அப்போது வகுத்த பாடத்திட்டத்தில் எட்டு அலகு, 50 வகுப்பு. அதில் களப்பணிக்கு ஐந்தே வகுப்பு, 100 மதிப்பெண்ணில் 25. அந்த 25-ஐ ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய படங்களைப் பார்த்தே போட்டுவிடுகிற இடங்கள் நிறைய. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று இதே பேப்பரை வளர்த்தெடுத்து, பட்டப்படிப்போடு சேர்த்துப் படிக்கும் ஓராண்டு டிப்ளமோவாக நடத்துகிறது. இந்த மதிப்பீடு அந்தப் படிப்பைப் பற்றியது.

இதில் பாராட்ட வேண்டியது கால அட்டவணையைத்தான். குளத்து வேலையை ஆகஸ்டில் வைத்தால் வறண்ட மானாவாரிக் குளத்தில் ஆடுதான் மேயும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தாமிரபரணி ஆற்று வேலை. கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்து கால்வாய்களில் தண்ணீர் ஓடும் சமயம் அது. மழை கொட்டும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆய்வகம். குளம் நிறைந்திருக்கும் ஜனவரியில் பறவைக் கணக்கு. பிசானம் என்ற அடுத்த போக நெல் அறுப்பு முடிந்த பிறகு செம்மணல் தேரிக்காடும் பனங்காடும். இப்படித் திட்டமிட்டவருக்கு இந்த ஊர்த் தண்ணீர்க் கணக்கு தெரிந்திருக்கிறது.

ஆற்றில் மாதிரி எடுக்கும் இடங்களும் சரியான தேர்வு: பாபநாசம், சுத்தமல்லி அணைக்கட்டு, சீவலப்பேரிக்கு மேற்புறம், ஸ்ரீவைகுண்டம். சுத்தமல்லி நெல்லை மாநகருக்கு மேலே, சீவலப்பேரி அதற்குக் கீழே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாநகரம் ஆற்றில் சேர்ப்பது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. அதைத் தாண்டி ஒரு பாட்டில் பிடித்தாலும் எது யாருடைய கழிவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைத் தெரிந்து மேற்புறத்திலேயே நிற்கிறார்கள்.

கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் முறையைக் கையில் எடுத்துச் சொல்லித் தருகிறார்கள். 300 மி.லி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்க, மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி. விட்டு மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. படிவு தணிந்ததும் கந்தக அமிலம் 2 மி.லி. அதிலிருந்து 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்தால், செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். 200 இல்லாமல் 203 ஏன் என்று கேட்டால் மாணவர்கள் பதில் சொல்கிறார்கள்: முதலில் ஊற்றிய 4 மி.லி. மருந்து அதே அளவு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. பல முதுகலை வகுப்புகளிலேயே இந்தப் பதில் வராது.

வண்டி விடியுமுன் கிளம்புவதற்கும் காரணம் உண்டு. தேங்கிய தண்ணீரில் பாசி பகல் முழுக்க ஆக்சிஜன் விடும். 30 டிகிரியில் தண்ணீர் தாங்குவது லிட்டருக்கு சுமார் 7.5 மி.கி.தான். நண்பகலில் 9 வந்தால் ஆறு சுத்தம் என்று அர்த்தமில்லை, பாசி அதிகம் என்று அர்த்தம்.

சொதப்புவது பிஓடியில், அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்ற கணக்கில். இன்குபேட்டர் 20 டிகிரி, ஐந்து நாள் என்று பழைய புத்தகக் கணக்கிலேயே ஓடுகிறது. இந்திய தரமுறை 27 டிகிரி, மூன்று நாள். நம் ஊர் வெயிலில் 20 டிகிரியை நிறுத்தப் பெட்டி ஓயாமல் உழைக்க வேண்டும். இரவில் கரண்ட் போனால் காலையில் உள்ளே என்ன வெப்பம் என்று யாருக்கும் தெரியாது. குளிப்பதற்கான நீரில் பிஓடி லிட்டருக்கு 3 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்போடு ஒப்பிடுவதாக இருந்தால் முறையும் அதற்கு ஏற்றதாக வேண்டும். பெட்டியின் திருகைத் திருப்பினால் முடிகிற வேலை, ஏனோ செய்யவில்லை. தயோசல்பேட்டையும் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அது நாளாக நாளாக வலுவிழக்கும், செலவு கூடும், ஆக்சிஜன் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். டைட்ரேஷன் அன்றே டைக்ரோமேட்டில் சரிபார்க்க வேண்டும்.

பாபநாசம் படித்துறையில் குப்பைக் கணக்கெடுப்பு நல்ல யோசனை. பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிதான் அங்கே பெரும் பாரம். ஆனால் கரையேற்றியதும் தராசில் போட்டுவிடுகிறார்கள். நனைந்த வேட்டியில் பாதிக்கு மேல் தண்ணீரும் மணலும். அலசி, பிழிந்து, கொடியில் உலர்த்தி நிறுத்தால்தான் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட முடியும். இல்லையென்றால் உருப்படி எண்ணிக்கை போதும்.

கூந்தன்குளம் பறவைக் கணக்கில் குறை சொல்ல அதிகமில்லை. 2022-இல் ராம்சார் தளமான, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். வரித்தலை வாத்தும் கூழைக்கடாவும் கையேடு புரட்டாமலே அடையாளம் தெரியும். ஒரே கூட்டத்தை இரண்டு குழு எண்ணாதபடி கரையைப் பிரித்துத் தருகிறார்கள்.

தாவரக் கணக்கில்தான் தடுமாற்றம். பனங்காட்டில் 10 மீட்டர் சதுரம் போட்டால் இரண்டு மூன்று பனைதான் சிக்கும். நீளக் கோடு இழுத்து இரு பக்கமும் எண்ணுவதே பலன் தரும். உடையையும் சீமைக்கருவேலத்தையும் ஒன்றாக எழுதிய தாள்களும் உண்டு. குடை விரித்த தலையும் சுருண்ட காயும் உடைக்கு. சீமைக்கருவேலத்தின் காய் நீண்டு மஞ்சளாகத் தொங்கும்.

களக்காடு முண்டந்துறை பக்கம் போவதாகக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது. அதை நம்பிச் சேர வேண்டாம்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்வதென்றால், இந்த டிப்ளமோ தனியாக எந்தக் கதவையும் திறக்காது. வேதியியலோ விலங்கியலோ படிப்பவருக்கு நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் கைப்பழக்கம் இருப்பதாகக் காட்ட உதவும். வணிகவியல் மாணவர் ஆர்வத்துக்காகச் சேரலாம்.

பெரிய குறை பதிவேடு. ஒவ்வொரு அணியும் எடுத்த எண்கள் மதிப்பெண் போட்டதும் பழைய தாளோடு போய்விடுகின்றன. அன்று அணையிலிருந்து எத்தனை கன அடி விட்டார்கள் என்பது தினமும் உள்ளூர்ப் பேப்பரில் வருகிறது; அதைக்கூடக் குறித்து வைப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் கூடினால் அதே கழிவு நீர்த்துவிடும், பிஓடி குறைந்து தெரியும். கன அடி இல்லாத எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சேர நினைப்பவர்கள் துறைத்தலைவரிடம் போன வருட ஆற்றுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். இடம், நேரம், கன அடி மூன்றும் அதில் இருந்தால் ஃபீஸ் கட்டலாம்.