பசையா, பட்டையா, பூச்சா: மோட்டார் ஹோம் கூரை ஒழுகினால்

சியாட்டிலுக்கு மேற்கே ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஹோ மழைக்காடு இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம் மழை கொட்டும் இடம். இருபது வயதான மோட்டார் ஹோமை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டி வீட்டைச் சோதித்துப் பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. எங்களுடையது அங்கே தோற்றது. ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு மேலிருக்கும் விளக்கின் விளிம்பிலிருந்து சொட்டு. கீழே வைத்த சாம்பார் பாத்திரத்தில் விடியும்வரை டொக், டொக்.

வீடு திரும்பினோம். வாசலில் நின்ற வண்டிமேல் இரண்டு நாள் நல்ல மழை. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

இது ஏன் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. இந்த வண்டிகள் பலவற்றின் கூரை மெல்லிய ப்ளைவுட்தான், அதன்மேல் இ.பி.டி.எம். என்ற ரப்பர் விரிப்பு. விரிப்பு தானாகக் கிழிவது அபூர்வம். வென்ட் (காற்றுத் திறப்பு), ஆன்டெனா, குளியலறை ஸ்கைலைட் (வெளிச்சம் வரும் கூரை ஜன்னல்), ஏணி என்று எதையாவது பொருத்த அதில் ஓட்டை போட்ட இடங்களில்தான் தண்ணீர் நுழையும். நுழைந்த தண்ணீர் நேராகக் கீழே விழாது. ரப்பருக்கும் மரத்துக்கும் நடுவில் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடி, முதலில் கிடைக்கும் துளையில் இறங்கும். காட்டில் வண்டியின் மூக்கு மேல்நோக்கி நின்றது. எங்கள் வாசலில் மூக்கு கீழ்நோக்கி நிற்கும்.

சரி, கண்டுபிடிக்க என்ன வழி? மூன்று முறை உண்டு, மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது ஈரமானி. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும் சின்னக் கருவி. 15-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் அங்கே ஏதோ நடக்கிறது. மலிவு, ஐந்து நிமிட வேலை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசும் முன் இதை அலமாரிக்குள்ளும் படுக்கை மூலையிலும் குத்திப் பார்க்கலாம். ஆனால் ஈரம் எங்கே தேங்கியிருக்கிறது என்றுதான் இது சொல்லும், எங்கே நுழைந்தது என்று சொல்லாது.

இரண்டாவது சோப்பு நுரை முறை. பட்டறைகளில் கூரை வென்ட்டில் ஒரு ஊதியைப் பொருத்தி, வண்டிக்குள் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கே நுரை குமிழ்கிறதோ அங்கே வழி இருக்கிறது. மரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இறங்காது, எல்லா ஓட்டையும் ஒரே நாளில் தெரிந்துவிடும். இதைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். அதையே வீட்டில் செய்யலாம் என்று எங்கள் 12 வோல்ட் வென்ட் விசிறியை உள்நோக்கி ஓடவிட்டு, மற்ற வென்ட்டுகளை டேப் போட்டு மூடினேன். முன்பக்க மார்க்கர் விளக்குகள் (வெளியே இருக்கும் சின்ன அடையாள விளக்குகள்) இரண்டில் நுரை வந்தது. அதோடு சரி. பழைய வண்டியில் கதவு, தரை, சக்கரத்துக்கு மேலே என்று காற்று போக ஆயிரம் வழி. சின்ன விசிறிக்கு அவ்வளவு தெம்பில்லை. காசு கொடுத்துப் பட்டறையில் செய்தால் இதுதான் முதல் இடம். வீட்டு விசிறியோடு என்றால் பாதி மதிப்பெண்.

மூன்றாவது, தோட்டத்து ஹோஸ். கேட்கச் சாதாரணமாக இருக்கும். பலரும் கூரை முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, “ஆமாம், ஒழுகுது” என்று இறங்கி வருவார்கள். அது நமக்கு முன்பே தெரியுமே! கீழிருந்து மேலே போகவேண்டும். முதலில் ஜன்னல், அப்புறம் விளக்குகள், அப்புறம் கூரையின் ஓர விளிம்பு, கடைசியாகக் கூரையில் ஒவ்வொரு பொருத்தமாக. ஓரிடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அழுத்தமில்லாமல், மழை மாதிரி.

உள்ளே ஒரு ஆள் வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் டார்ச்சோடு உட்கார்ந்தார். முன்சக்கரங்களை மரக்கட்டைமேல் ஏற்றி, காட்டில் நின்ற மாதிரியே மூக்கைத் தூக்கி வைத்தேன். ஸ்கைலைட் மேல்தான் எனக்குச் சந்தேகம். விளக்குக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். பதினைந்து நிமிடம் ஊற்றியும் ஒன்றுமில்லை. அதற்கு நான்கு அடி முன்னால் டி.வி. ஆன்டெனாவின் அடித்தட்டு. அங்கே ஊற்ற ஆரம்பித்துப் பன்னிரண்டாவது நிமிடம் உள்ளேயிருந்து குரல்: “மாப்பிள்ளை, வந்துடுச்சு! நிறுத்துங்க, நிறுத்துங்க!”

ஆக, வீட்டிலேயே கண்டுபிடிக்க என் ஓட்டு ஹோஸுக்கே. பொறுமையும் சரியான சரிவும் இருந்தால் போதும். ஏற்கெனவே மரம் மெத்தென்று அமுங்கும் கூரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஊறிய மரத்தில் மேலும் தண்ணீர் விடுவதால் யாருக்கும் லாபமில்லை.

இனி அடைப்பது. கீழே இறங்கியதும் மாமா கேட்டார்: “கொஞ்சம் தார் காய்ச்சி ஊத்திட்டா ஆகாதா?” மொட்டைமாடி விரிசலுக்கு அவர் காலங்காலமாகச் செய்துவந்த வைத்தியம். இங்கே அது ஆகவே ஆகாது. தார், பெட்ரோலியச் சரக்கு எதுவும் இ.பி.டி.எம். ரப்பரில் பட்டால் அது உப்பிக் கெட்டுப்போகும்.

கடைக்குப் போனால் மூன்று கட்சி. லேப் சீலன்ட் என்ற பசை (டைகோர் என்ற பிராண்டின் பெயர் எல்லார் வாயிலும் இருக்கும்), எடர்னாபாண்ட் பிராண்ட் மாதிரி ஒட்டும் பட்டை, அப்புறம் கூரை முழுக்க அடிக்கும் திரவப் பூச்சு. எது நீடித்து உழைக்கும் என்றுதான் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: நாளைக்கு இதைப் பிரிக்கவேண்டி வந்தால் பிரிக்க முடியுமா? வென்ட் உடையும், ஆன்டெனா மாற்றுவோம், ஸ்கைலைட் வெயிலில் வெடிக்கும். இந்தக் கூரையில் நிரந்தரம் என்று எதுவும் கிடையாது.

பிரிக்க முடிவது பசைதான். கோக்கிங் கன்னில் (பசை டியூபை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டு விட்டால் தோசை மாவு மாதிரி தானே பரவி, ஸ்க்ரூத் தலைகளை மூழ்கடித்துச் சமமாகி நிற்கும். சரிவான, செங்குத்தான இடத்தில் அதே குணம் சனியன். வழிந்து பக்கச்சுவர்வரை போகும். அங்கே வழியாத வகை என்று தனியாக விற்பதைத்தான் வாங்கவேண்டும். குறை என்னவென்றால் வெயிலில் காய்ந்து, வண்டி ஆடும் ஆட்டத்தில் விரிசல் விடும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்க்கவேண்டும். ஆனால் விரிசல் கண்ணுக்குத் தெரியும், பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.

பட்டை நேர் எதிர். ஒட்டினால் ஒட்டியதுதான். கூரை ரப்பர் முன்பக்க ஃபைபர் மூடியோடு சேரும் நீண்ட தையலுக்கு நான்கு அங்குலப் பட்டை ஒட்டினேன். காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே ரோலரால் அழுத்தித் தேய்க்கவேண்டும். அதன் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும். மூன்றாவது அடியில் கோணலாகப் போனது. நேராக்க இழுத்தேன், ரப்பரே கூட வந்தது. விட்டுவிட்டேன், இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது, ஒழுகவில்லை. ஆகவே யாரும் திறக்கப்போகாத நேர்த் தையலுக்குப் பட்டைதான். வென்ட்டைச் சுற்றி ஒட்டினால் அடுத்து அதை மாற்றுகிறவர் உங்களைத் திட்டுவார், அது பெரும்பாலும் நீங்களே. இன்னொன்று, அடியில் ஈரம் இருக்கும்போது ஒட்டினால் அதையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். இந்தச் சியாட்டில் பக்கத்தில் மழை குறைந்த ஜூலை, ஆகஸ்ட்தான் அதற்கு நல்ல நாள்.

பூச்சு பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை, நான் அடிக்கவில்லை. ரப்பர் தேய்ந்து, கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிற, ஆனால் மரம் கெட்டியாக இருக்கும் கூரைக்கு அது ஆயுள் கூட்டும். ஒழுகலுக்கு மருந்தாக அதை விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டையை அடைத்த பிறகு அடிக்கவேண்டியது அது. அக்ரிலிக் வகைக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. சிலிக்கான் வகை அதைத் தாங்கும்; ஆனால் ஒருமுறை அடித்தால் அதன்மேல் சிலிக்கானைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. பசையும் கிடையாது, பட்டையும் கிடையாது.

அந்த வலியை நான் சின்ன அளவில் பட்டேன். ஆன்டெனாவைச் சுற்றிப் பழைய பசையைச் சுரண்டினால் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படலம். முன்னால் வண்டியை வைத்திருந்தவர் குளியலறைக்குப் பூசும் சாதாரணச் சிலிக்கானை ஒரு சுற்று விட்டு, அதன்மேல் பசை போட்டிருக்கிறார். பசை அதில் ஒட்டவே இல்லை. மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது, நகத்தால் தூக்கினால் முழுதாக வந்தது. அந்தப் படலத்தை நூல் நூலாக உரித்து, ஆல்கஹால் போட்டுத் துடைக்க இரண்டு மத்தியானம் போனது. அப்புறம் ஆன்டெனாவின் அடித்தட்டையே கழற்றி, அடியில் புது ப்யூட்டில் டேப் (மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, ஸ்க்ரூ முடுக்கி, மேலே பசை. பசை வெறும் மேல்காப்புதான். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது அந்த ப்யூட்டில். இது தெரியாமல் மேலே மேலே பசை ஏற்றிய கூரைகள் நிறைய.

ஏ.சி.யைச் சுற்றி மட்டும் இவை எதையும் போடவேண்டாம். அது உட்காரும் 14 அங்குலச் சதுர ஓட்டையை அடைப்பது ஏ.சி.க்கும் கூரைக்கும் நடுவில் அமுங்கியிருக்கும் நுரை கேஸ்கெட் என்ற அடைப்பு வளையம். வெளியே பசை பூசினால் ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீருக்கு வழி அடைபட்டு அதுவே உள்ளே திரும்பும். கேஸ்கெட் தளர்ந்திருந்தால் உள்பக்கம் மூடியைக் கழற்றி நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாக முடுக்கினால் போதும். மழையே இல்லாத நாளில் ஏ.சி. ஓடும்போது மட்டும் சொட்டினால், பசை டியூபைக் கீழேயே வைத்துவிட்டு அதன் வடிகால் துளையைக் குத்திவிட்டுப் பாருங்கள்.