எக்ஸ்.எம்.எல் பண்புகளைப் பொருள்களாகக் கையாளும் எக்ஸ்அட்ரிபியூட்: ஒரு மதிப்பீடு

வன்னியின் குளங்களையும் வாய்க்கால்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்னும் திறந்த உலக வரைபடத்தின் தரவிலிருந்து எடுத்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களைச் சீர்செய்யும் சிறிய மென்பொருள் ஒன்றைக் கிளிநொச்சியில் எழுதி வருகிறோம். அத்தரவு எக்ஸ்.எம்.எல் கோப்புகளாக, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மூலகங்களைக் (எலிமெண்ட்) கொண்ட உரைக் கோப்புகளாகக் கிடைக்கிறது. அவற்றில் அடையாள எண், அகலாங்கு, நெட்டாங்கு, பெயர் ஆகிய அனைத்தும் மூலகங்களின் அட்ரிபியூட் எனப்படும் பண்புகளிலேயே இருக்கின்றன. ஆகவே பண்புகளை எவ்வாறு கையாளலாம் என்பதையே முதன்மையாகக் கருதி, மைக்ரோசொப்ற் 2007இல் டொட்நெற் என்னும் தன் மென்பொருள் தளத்தின் 3.5 பதிப்புடன் வெளியிட்ட லிங்க் டு எக்ஸ்.எம்.எல் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு பண்பைக் குறிக்கும் வகுப்பே எக்ஸ்அட்ரிபியூட்.

எக்ஸ்.எம்.எல் ஆவணத்தைக் கணுக்களாலான மரமாகக் காட்டும் டொம் தரநிலையின், 1998இல் வந்த முதல் நிலை, பண்பையும் அம்மரத்தின் கணுக்களில் ஒன்றாக வகைப்படுத்தியது. ஆனால் அந்தக் கணுவுக்குத் தாய்க் கணு கிடையாது, உரிய மூலகத்தைக் கேட்டறியும் வழியும் 2000இல் இரண்டாம் நிலையில்தான் சேர்ந்தது. பைதன் மொழியின் எலிமெண்ட்ரீ நூலகமோ எதிர்த்திசையில் சென்று, பண்புகளை வெறும் சொற்சரங்களின் அகராதியாகத் தருகிறது. எக்ஸ்அட்ரிபியூட் இவ்விரண்டுக்கும் இடையே சரியான இடத்தில் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து: அது மரத்தின் கணு அன்று, எனினும் பெயர், மதிப்பு, தாய் மூலகம் ஆகிய மூன்றையும் தன்னுடன் வைத்திருக்கும் தனிப் பொருள்.

இதன் பயன் எங்கள் வேலையில் நன்கு தெரிந்தது. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் போன்ற பெயர்களைத் தாங்கிய பண்புகளை மட்டும் ஒரு பட்டியலாகத் திரட்டி, எழுத்துக்கூட்டலைத் திருத்தும் செயற்கூறுக்கு அனுப்பினால், அது மூலகத்தின் அமைப்பைப் பற்றி எதுவும் அறியாமலே மதிப்பை மாற்றுகிறது. மாற்றம் நேரே ஆவணத்தில் பதிவாகிறது. திருத்திய பெயர் எந்தக் குளத்துக்குரியது என்று பின்னர் பார்க்க, பண்பிலிருந்து தாய் மூலகத்துக்கும் அதன் தாய்க்கும் இரண்டு படி ஏறினால் போதும். சொற்சரம் மட்டும் கையில் இருந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை நாங்களே தனியாகக் குறித்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.

வகைமாற்றமும் பாராட்டுக்குரியது. பண்பை நேரடியாக எண்ணாகவோ திகதியாகவோ மாற்றலாம். வெறுமையை (நல்) ஏற்கும் வகைக்கு மாற்றும்போது, இல்லாத பண்பு பிழை எறியாமல் வெறுமையாகவே திரும்புகிறது. தமிழ்ப் பெயர் இடப்படாத குளங்களைக் கண்டுபிடிக்க இது பேருதவி. அடையாள எண்களுக்கு மட்டும் 64 பிற் வகையையே பயன்படுத்துங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் உள்ள புள்ளிகளின் அடையாள எண்கள் 2,147,483,647 என்னும் 32 பிற் உச்சத்தை 2013இலேயே கடந்துவிட்டன.

இந்நூலகத்தின் வடிவமைப்பில் நான் ஏற்காத முடிவு ஒன்று உண்டு. ஏற்கெனவே ஒரு மூலகத்தில் உள்ள பண்பை இன்னொன்றில் சேர்த்தால், நூலகம் சொல்லாமலே அதன் நகலை உருவாக்குகிறது; அதன்பின் மூலப் பண்பில் செய்யும் திருத்தம் நகலைச் சென்றடையாது. டொமும், ஜாவா மொழிக்கான ஜேடொம் நூலகமும் இதே இடத்தில் பிழை எறிந்து நிறுத்துகின்றன, அதுவே நேர்மையான வழி.

முழு இலங்கைக்கான கோப்பை ஒரே தடவையில் ஏற்றினால் நினைவகம் பெருமளவில் செலவாகும், அப்போது எக்ஸ்.எம்.எல் ரீடர் கொண்டு ஒவ்வொரு மூலகமாக வாசித்து, அதை மட்டும் பொருளாக மாற்றிக்கொள்ளலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு மட்டும் வெட்டியெடுத்த கோப்புகளுக்கு எங்களுக்கு அது தேவைப்படவில்லை.