'நெட்வொர்க் டவுன்' எப்போது சொல்லலாம்: வீட்டு ஃபைபர் இணைப்பு, சில வருட அனுபவம்

ஃபைபர் இணைப்பு எங்கள் வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணும். அப்போது சேவை மையத்தில் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆள் சீக்கிரம் வருவதும் வராததும்.

எங்கள் வீட்டில் எது நின்றாலும் "நெட்வொர்க் டவுன்" தான். யூடியூப் சுற்றினாலும் அதே புகார், மாடியில் வைஃபை எட்டாவிட்டாலும் அதே புகார். மறுமுனையிலிருந்து "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று பதில் வரும். பாவம், அவர்கள்தான் வேறு என்ன சொல்வார்கள்?

ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இழப்பு) விளக்கு சிவப்பாக மின்னினால் தாராளமாக 'டவுன்' என்று சொல்லலாம். ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒருமுறை பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தியதில் அந்த மெல்லிய ஃபைபர் ஒயர் நடுவில் நசுங்கியிருந்தது. வந்த தம்பி ஒயர் முனையைக் கழற்றிக் ஒளியின் அளவைக் காட்டும் கையடக்க மீட்டரில் செருகினார். மைனஸ் முப்பதுக்கும் கீழே காட்டியது. பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு, மைனஸ் கூடினால் ஒளி குறைவு) வரைதான் இந்தப் பெட்டிகள் தாங்கும். ஒயரை நேராக்கியதும் அளவு மளமளவென்று ஏறி, சிவப்பு விளக்கும் அணைந்தது. புகார் பதியும்போதே "எல்ஓஎஸ் ரெட்" என்று சொல்லியிருந்ததால் ரூட்டரை அணைத்துப் போடும் சடங்கு இல்லாமல் நேராக லைன்மேனே வந்துவிட்டார்.

பெட்டியில் பிஓஎன் (PON, கம்பெனியோடு லைன் இணைந்திருப்பதைக் காட்டுவது) விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? லைன் உயிரோடுதான் இருக்கிறது. "லிங்க் இருக்கு, இன்டர்நெட் வரலை" என்று சொல்லுங்கள். அதற்கு முன் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான். ரூட்டர் அமைப்பில் அதை மாற்றினாலே சரியாகிவிடும், யாரையும் கூப்பிட வேண்டாம்.

மாடி அறை விஷயம் வேறு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டித் திணறும், 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. லேப்டாப்பில் லான் கேபிளைச் செருகி வேகம் சரியாக வந்தால் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

ஒரே ஒரு ஆப் மட்டும் நின்றால் நம் இணைப்பைச் சந்தேகிக்கவே வேண்டாம். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் படுத்தன. கோளாறு மூன்றையும் நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்கில். அங்கே 'டவுன்' என்பது நூற்றுக்கு நூறு சரி. நம் தெருவில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

இணைப்பை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. புதிதாகப் போடுபவர்கள் ஒயரை ஜன்னல் இடுக்கு வழியாக விடாமல், சுவரில் தனியாகத் துளை போட்டு உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ரூட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.