ஆயில் லைட் எரிந்ததும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்களா? கொஞ்சம் நில்லுங்கள்

ரேஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். ரேஸ் எஞ்சின் வேலைக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப் என்னை ஏமாற்றிய கதை இது.

என் காரில் இருந்தது ஒரே ஒரு கோளாறு. நீளமான வலது வளைவில் பாதி தூரம் போனதும் ஆயில் லைட் (ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு) மினுக்கும், ஸ்டீயரிங் நேரானதும் அணைந்துவிடும். ஓடும்போது அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரின் ஃபைலையும் கையில் கொடுத்தேன். நேர்ப்பாதையில் 60 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும் ஆயில் பிரஷர் கோடு, அந்த வளைவில் மட்டும் 20க்குக் கீழே சரிந்து மறுபடி ஏறுவது அதில் பளிச்சென்று தெரியும். அவர்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. "பம்ப் போயிடுச்சு சார்" என்றார்கள். பம்பை மாற்றி, கெட்டியான ஆயிலை ஊற்றி, பிட்டில் ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். பிரஷர் முள் முன்பைவிட மேலே நின்றது. கெட்டி ஆயில் ஊற்றினால் எந்த எஞ்சினிலும் முள் ஏறத்தான் செய்யும்.

டிராக்கில் அதே வளைவு, அதே லைட். உடனே "பேரிங் தேய்ஞ்சிருக்கு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார்கள். பிரித்தார்கள், பேரிங் மாற்றினார்கள், பெரிய பில் போட்டார்கள். அதற்குப் பிறகும் லைட் எரிந்தது.

பேரிங் தேய்ந்தாலோ, பிரஷர் கூடினால் திறந்து ஆயிலை வெளியேவிடும் ரிலீஃப் வால்வ் திறந்தபடி சிக்கினாலோ, ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்துப்போனாலோ, எஞ்சின் சூடானபின் நேர்ப்பாதையிலும் பிரஷர் குறைவாகத்தான் இருக்கும். வளைவு பார்த்து வராது. வளைவில் மட்டும் விழுகிறதென்றால் முதல் சந்தேகம் சம்ப் மேல்தான், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி மேல்தான் வரவேண்டும். 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவிசையில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். பிடிமானம் அதிகமுள்ள ஸ்லிக் டயர் போட்ட கார் அதைச் சுலபமாகத் தாண்டும். வலது வளைவில் ஆயில் எல்லாம் இடப்பக்கம் ஏறிக்கொள்ள, சம்பிலிருந்து பம்புக்கு ஆயில் எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் காற்றை வைத்து என்ன செய்யும்? கெட்டி ஆயில் இதில் உதவாது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து சம்புக்கு மெதுவாக இறங்குவதால் நிலைமை மோசமாகவும் வாய்ப்புண்டு.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். முதலில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சென்சார் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்தார். பிறகு டேட்டா லாகர் பதிவில் பிரஷரையும் பக்கவிசையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். சம்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஒரு பக்கம் ஒதுங்காமல் நிறுத்தும் தடுப்புத் தகடே இல்லை. ஆயிலை பிக்கப் பக்கம் மட்டும் விடும் கதவு வைத்த தடுப்புகளைப் போட்டதும் லைட் எரிவது நின்றது. ஆனால் புதிதாகப் போட்ட கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கில் மேல்பூச்சு போய், அடியில் செம்பு நிறம் பட்டையாகத் தெரிந்தது. அந்த ஒர்க்‌ஷாப் "சரியாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பியதால் ஓடிய ஓட்டத்தின் விளைவு அது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இன்னொன்று, ஃபில்டர். எஞ்சினைத் தொடுவதற்கு முன் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறமாகவோ ஈய நிறமாகவோ இருந்தால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். பிரிக்கலாமா வேண்டாமா என்பதற்கு அதைவிடச் சுலபமான சாட்சி கிடையாது. என் ஃபில்டரைக் கேட்டபோது "குப்பையில போட்டாச்சு" என்றார்கள். கழற்றிய பம்பும் பேரிங்கும்கூட இல்லையாம். தேய்மானம் இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் வண்டி விடும்போதே, கழற்றும் பாகங்கள் ஃபில்டர் உட்பட எல்லாம் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டேட்டா லாகர் பதிவைப் பார்க்க மறுக்கும் இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.