தெர்மல் குக்கர்: அரைக் கிலோ அரிசிக்கு அருமை, ஒரு டம்ளருக்கு வேண்டாம்

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் சோறு தெர்மல் குக்கரில்தான் வேகிறது. ஒரு கிலோ அளவு, எவர்சில்வர், உள்ளே ஒரு பானை, வெளியே இரட்டைச் சுவர் வைத்த பெட்டி, சுவர்களுக்கு நடுவே ஃபோம். அம்மா இதைச் சூடாறாப் பெட்டி என்பார், எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதைத் தவிர இது வேறொன்றும் செய்வதில்லை.

அரைக் கிலோ பச்சரிசியை ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, கொதி வந்தபின் 7 நிமிடம் அடுப்பில் வைக்கிறேன். அப்புறம் பானையை அப்படியே பெட்டிக்குள் இறக்கி மூடினால் முக்கால் மணி நேரத்தில் கஞ்சி வடித்துவிடலாம். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது.

அடுப்பில்லாமல் எப்படி வேகிறது என்று கேட்பவர்களுக்கு: அரிசி வேகத் தேவை வெப்பநிலைதான், தீ இல்லை. அதன் மாவுச்சத்து 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். கொதிக்கிற தண்ணீரோ, நீங்கள் தீயை எவ்வளவு கூட்டினாலும், திறந்த பானையில் 100 டிகிரியைத் தாண்டாது, கூடுதலாகக் கொடுக்கிற வெப்பமெல்லாம் ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர சுமார் 293 கிலோஜூல் போதும், அதே தண்ணீரைக் கொதிக்கவிட்டு முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே மனசு வலித்தது, இத்தனை வருடம் எவ்வளவு கேஸை ஜன்னல் வழியாக அனுப்பியிருக்கிறோம்!

ஆனால் ஒரு நாள் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி வைத்தேன், நடுவில் அரிசியாகவே இருந்தது. அன்றும் இதே 100 டிகிரியில்தான் இறக்கினேன். வெப்பநிலை ஒன்றுதான், வெப்பம் ஒன்றல்ல. நிறைய தண்ணீரில் நிறைய வெப்பம் சேர்ந்திருக்கிறது, பெட்டியின் குளிர்ந்த சுவரும் மேலே உள்ள காலி இடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் சில டிகிரிதான் இறங்கும். கால் பானையில் அதே இழப்பு பெரிய அடி. அதனால் விருந்தாளி வருவார்களே என்று பெரிதாக வாங்காதீர்கள், தினமும் முக்கால் பானை நிறைகிற அளவைப் பாருங்கள். பெட்டிக்குள் முதலில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றி, மூடி வைத்து, கொட்டிவிட்டுப் பானையை இறக்கினால் இன்னும் நல்லது.

கொடைக்கானலில் இருக்கும் அக்காவுக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், தொடக்கமே குறைவு, அங்கே பிரஷர் குக்கர்தான் சரி. கொண்டைக்கடலைக்கும் அப்படியே: இரவு முழுக்க ஊறவைத்தும் இதில் மசியவில்லை, அதற்கு 120 டிகிரி பக்கம் போகிற பிரஷர் குக்கர் வேண்டும்.

குறை என்றால் மூடியின் ரப்பர். ஐந்தாம் மாதமே தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தது, வாங்கிய கடையில் தனி ரப்பர் கிடையாது, மூடியோடுதான் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இரவு வைத்த சோற்றைக் காலை வரை உள்ளேயே விடவும் வேண்டாம், 60 டிகிரிக்குக் கீழே வந்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமி பெருகும். நான் இரவு சாப்பிட்டதும் மிச்சத்தைத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.